எச்சத்தின் வரலாறு

இலக்கண வகுப்பில் எச்சத்தைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நம்மை ஒரு கேள்வி கேட்டான். "சேர், எச்சம் என்றால் மிச்சந்தானே? மிச்சத்தைக் கொட்டிவிடுவதுதானே வழக்கம்? அதற்கு ஏன் இலக்கணத்தில் இத்தனை சூத்திரம்?" வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். 'வந்த' என்பது ஒரு பெயரை வேண்டி நிற்கிறது. 'வந்து' என்பது ஒரு வினையை வேண்டி நிற்கிறது. முடிவு பெறாது எஞ்சி நிற்பதால் அவை எச்சம் எனப்பட்டன. ஆயினும் அவற்றை நீக்கிவிட்டால் தமிழில் ஒரு செயலை மறு செயலோடு பிணைத்துச் சொல்லுதல் அரிதாகிவிடும். இவ்வாறு விடை கூறி அமர்ந்தோம். விடை சரியானதே. ஆயின் அதன் முழுப் பொருளும் நமக்கே அன்று விளங்கியிருக்கவில்லை.

அதே வாரத்தில் அம்மாணவனின் தந்தையாரை வைத்தியசாலையிற் பார்க்கச் சென்றோம். அவர் கமக்காரர். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டமையால், வாரத்துக்கு இருமுறை இயந்திரத்தின் துணைகொண்டு இரத்தத்தைச் சுத்திகரித்து வாழ்பவர். வடமத்திய மாகாணத்தின் நெல்வயல்களை அண்டி வாழும் சிங்கள விவசாயிகளையும், அவர்களைப் போன்ற பிறரையும், 1990களிலிருந்து பற்றி வாட்டிவரும் நோயை அறிந்தவர்களுக்கு அக்காட்சி புதியதன்று. தாதி ஒருவர் சிறிய குப்பியொன்றிலிருந்து மருந்தை எடுத்துக் குழாயினுட் செலுத்தினார். அது என்னவென்று கேட்டோம். "ஹெப்பரின், சேர். இது இல்லாவிட்டால் இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகும்" என்றார்.

அந்தப் பெயரின் பின்னாற் சென்றபோது, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நம்முன் விரிந்தது. நாய்களின் ஈரலும், மாடுகளின் நுரையீரலும், பன்றிகளின் குடலும் அதில் உள்ளன. பெயர் பெற்றோரும் பெயர் இழந்தோரும் உள்ளனர். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவென்று கருதப்பட்டு மூலையிற் கிடந்த ஒரு பொருளின் கதை உள்ளது. ஹெப்பரன் சல்பேற்று என்பது அதன் பெயர். ஹெப்பரினும் ஹெப்பரனும் ஓரெழுத்து வேறுபாடுடைய உடன்பிறப்புக்கள். முன்னதை வைத்திய உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. பின்னதை நெடுங்காலம் அது திரும்பியும் பார்க்கவில்லை.

* * *

1916 ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியற் பேராசிரியர் வில்லியம் ஹவலின் ஆய்வுகூடத்தில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் வேலை செய்துகொண்டிருந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தவர். உடலுழைப்பால் பணம் சேர்த்துப் படிக்க வந்தவர். பேராசிரியர் அவருக்கு அளித்த பணி, இரத்தத்தை உறையச் செய்யும் பொருளொன்றை உறுப்புக்களிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்குவதாகும். மக்லீன் மூளை, இதயம், ஈரல் ஆகியவற்றிலிருந்து கொழுப்புச் சத்துக்களைப் பிரித்தார். அவற்றுட் சில, நாட்கள் செல்லச் செல்ல, உறையச் செய்யும் ஆற்றலை இழந்ததோடு நில்லாது, உறைதலைத் தடுக்கவுந் தொடங்கின. தேடியது ஒன்று; கிடைத்தது அதற்கு நேர்மாறான மற்றொன்று.

பூனையின் இரத்தத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்திற் பிடித்து, அதனோடு அப்பொருளைக் கலந்து பேராசிரியரின் மேசைமீது வைத்து, "இது உறையும்போது எனக்குச் சொல்லுங்கள்" என்று தாம் கூறியதாக மக்லீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த இரத்தம் உறையவே இல்லையாம்.

1918 இல் ஹவலும், எமற் ஹோல்ற் என்னும் மற்றொரு மாணவரும், நாயின் ஈரலிலிருந்து பெற்ற உறைதடைப் பொருளுக்கு ஹெப்பரின் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் ஹெப்பர் என்றால் ஈரல். 1920களில் ஹவல் வேறொரு முறையைக் கையாண்டு, நீரிற் கரையும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது கொழுப்பன்று, சர்க்கரை அலகுகளாலாகிய ஒரு காபோவைதரேற்று. அதற்கும் அவர் ஹெப்பரின் என்றே பெயர் சூட்டினார். ஆகவே மக்லீன் கண்ட பொருளும், இன்று குப்பியில் உள்ள பொருளும் ஒன்றல்ல என்பது வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு. ஆயினும் அந்த மாணவனின் எதிர்பாராத பரிசோதனை இல்லையேல் அப்பாதையே திறந்திருக்குமா என்ற வினாவும் எஞ்சி நிற்கிறது. தம் பங்கு மறக்கப்பட்டதென்னும் வருத்தத்தோடு பிற்கால வாழ்வைக் கழித்த மக்லீன் 1957 இல் காலமானார். அவரது நினைவுக் கட்டுரை 1959 இல், அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.

யார் கண்டுபிடித்தார் என்ற கேள்விக்கு ஒரு பெயரை எழுதினால்தான் பரீட்சையிற் புள்ளி கிடைக்கும் என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். கண்டுபிடிப்பு என்பது ஒரு மனிதன், ஒரு நாள், ஒரு மேசை என்று முடிந்துவிடுவதில்லை. அது பலரின் கைகளிற் கைமாறி வளரும் உழைப்பு. ஹெப்பரினின் அடுத்த அத்தியாயம் அதற்குச் சான்று.

* * *

ஹவலின் ஹெப்பரினை மனிதருக்கு ஏற்றியபோது காய்ச்சலும் தலைவலியும் குமட்டலும் கண்டன. அது போதிய அளவு தூய்மை பெற்றிருக்கவில்லை. 1920களின் இறுதியில் கனடாவின் ரொறன்ரோ நகரில், இன்சுலின் கண்டுபிடிப்பிற் பங்குகொண்ட சார்ள்ஸ் பெஸ்ற் இப்பணியைத் தொடங்கினார். ஆதர் சார்ள்ஸ், டேவிட் ஸ்கொற் என்னும் இரசாயனவியலாளர் இருவர் கொனோற் ஆய்வுகூடத்தில் அதனைச் செய்து முடித்தனர். அவர்கள் முதலில் மாட்டின் ஈரலையே பயன்படுத்தினர். ஆயின் 1926 இல் கடுமையான இரத்தச்சோகைக்கு ஈரல் மருந்தாகும் என்று கண்டறியப்பட்டதிலிருந்து அதற்குக் கிராக்கி ஏற்பட்டிருந்தது. எனவே கொல்களத்தில் மலிவாகக் கிடைத்த மாட்டு நுரையீரலை நாடினர். நுரையீரலில் ஹெப்பரின் நிறைய இருந்தது. ஈரலின் பெயரைத் தாங்கிய பொருள், யாரும் வேண்டாத நுரையீரலில் மிகுதியாக இருந்தமை வேடிக்கையே.

அப்பொருளைப் பெறுவதற்கு இறைச்சியை முதலில் அழுகவிட வேண்டியிருந்தது. தாங்கொணாத நாற்றம் காரணமாக வேலை நகருக்கு வெளியேயுள்ள பண்ணைக்கு மாற்றப்பட்டது. அந்த அழுகலின் நடுவே நின்று, அரைத்து, காய்ச்சி, வடித்த தொழிலாளரின் பெயர்கள் பாட நூல்களில் ஏறவில்லை. 1935 இல் கோர்டன் மறே என்னும் அறுவை வைத்தியர் அம்மருந்தை மனிதரிற் பரிசோதிக்கத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சை நன்கு முடிந்தபின், காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலைச் சென்றடைத்துத் திடீரென உயிர் பறிப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. அந்த மரணத்துக்கு முதன்முறையாக ஒரு தடை கிடைத்தது.

அதே காலத்தில் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் எரிக் யோர்ப்பஸ் என்பவர் ஹெப்பரினை ஆராய்ந்துகொண்டிருந்தார். இவரது வாழ்க்கை தனியே ஒரு நாவலுக்குரியது. பின்லாந்துக்குரிய ஓலண்ட் தீவுக் கூட்டத்திலே கோகார் என்னும் சிறு தீவிற் பிறந்தவர். 1918 இல் பின்லாந்து உள்நாட்டுப் போரில், மருத்துவ மாணவராக இருந்தபோதே, செம்படையினரின் காயங்களுக்குக் கட்டுப்போட்டார். அப்படை தோற்றபின் ருசியாவுக்குத் தப்பியோடி, பின்னர் சுவீடனை அடைந்தார். 1929 இல் ரொறன்ரோவுக்குச் சென்று திரும்பிய அவர், 1935 இல் ஹெப்பரினின் இரசாயன இயல்பை வெளியிட்டார். சர்க்கரை அலகுகளாலாகிய நீண்ட சங்கிலி, அதன்மேல் நெருக்கமாகப் பதிந்த சல்பேற்றுத் தொகுதிகள், இதுவே ஹெப்பரின். உடலில் அது காணும் இடத்தையும் சுவீடனின் ஹோம்கிறெனும் வில்லாண்டரும் 1937 இல் காட்டினர். 1878 இல் ஜேர்மானியரான போல் ஏர்லிக் பெயரிட்ட மாஸ்ற் கலங்களே அதன் களஞ்சியம்.

1943 இல், ஜேர்மானிய ஆக்கிரமிப்புக்குட்பட்டிருந்த ஒல்லாந்தின் கம்பென் நகரில், வில்லம் கொல்ப் என்னும் வைத்தியர் மெல்லிய செலோபேன் குழாயையும் சுழலும் உருளையையும் கொண்டு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இரத்தம் அக்குழாயினூடே உறையாது ஓட ஹெப்பரின் இன்றியமையாததாயிற்று. 1953 இல் பிலடெல்பியாவில் ஜோன் கிபன் இதயத்தையும் நுரையீரலையும் இயந்திரத்தாற் பதிலீடு செய்து இதயத்தினுள் அறுவை செய்தபோதும் அதுவே துணைநின்றது. நம் கமக்காரரின் கட்டிலருகே கண்ட குப்பிக்கு இத்துணைப் பேர் பாட்டன்மார்.

* * *

இனி எச்சத்துக்கு வருவோம்.

ஹெப்பரினைத் தூய்மைப்படுத்துந்தோறும் ஒரு மண்டி எஞ்சியது. அதுவும் சர்க்கரைச் சங்கிலியே. ஆயின் அதில் சல்பேற்றுக் குறைவு. இரத்தத்தை உறையாது தடுக்கும் ஆற்றலும் மிகக் குறைவு. மருந்து செய்வோருக்கு அது தொல்லை தரும் கலப்புப் பொருள். 1948 இல் யோர்ப்பசும் ஸ்வென் கார்டெலும் இக்கலப்புப் பொருளைத் தனியே எடுத்து ஆராய்ந்து விவரித்தனர். இதுவே பின்னர் ஹெப்பரன் சல்பேற்று எனப் பெயர்பெற்றது. விலைபோகாத பொருளைக் குறித்துப் பெரும்பாலோர் அக்கறை கொள்ளவில்லை. எதைச் சந்தை கேட்கிறதோ அதையே விஞ்ஞானமும் முதலில் ஆராய்கிறது.

இந்தப் பொருளின் மதிப்பை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்கள் நோயுற்ற குழந்தைகள். கனடாவில் சார்ள்ஸ் ஹன்ரர் 1917 இல் சகோதரர் இருவரைப் பற்றி எழுதினார். மியூனிக் நகரில் கேற்றூட் ஹூர்லர் என்னும் பெண் வைத்தியர் 1919 இல் அதையொத்த வேறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறக்கும்போது குறையின்றிக் காணப்பட்ட அக்குழந்தைகளின் முகம் நாளடைவில் தடித்தது, எலும்புகள் கோணின, ஈரல் வீங்கியது, ஹூர்லரின் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியும் நின்றது. காரணம் எவருக்கும் புரியவில்லை. 1950களில் அக்குழந்தைகளின் உறுப்புக்களிலும் சிறுநீரிலும் சர்க்கரைச் சங்கிலிகள் குவிந்து கிடப்பது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, கழிவென்று கழிக்கப்பட்ட அதே ஹெப்பரன் சல்பேற்று. 1963 இல் அமெரிக்கரான சில்வெஸ்ரர் சன்பிலிப்போ, ஹெப்பரன் சல்பேற்று மாத்திரமே சிறுநீரிற் பெருகி, மூளையைப் பெரிதும் அழிக்கும் வேறொரு நோயை விவரித்தார்.

எவரும் பயனற்றதென எண்ணிய ஒன்று, ஏன் இத்துணை அளவில் ஒரு குழந்தையின் உடலிற் குவிய வேண்டும்? உடல் அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்பதன்றோ அதற்குப் பொருள்?

இப்புதிரின் ஒரு பகுதியை 1968 இல் எலிசபெத் நியூபெல்ட் அவிழ்த்தார். 1928 இல் பாரிசிற் பிறந்து, ஹிட்லரின் படைகளுக்குத் தப்பி 1940 இல் குடும்பத்தோடு நியூயோர்க்கை அடைந்தவர் இவர். ஜோசப் பிரற்றன்ரோனி, கிளாரா ஹோல் ஆகியோருடன் சேர்ந்து, ஹூர்லர் நோயாளியின் தோற் கலங்களையும் ஹன்ரர் நோயாளியின் தோற் கலங்களையும் ஒரே பாத்திரத்திற் கலந்து வளர்த்தார். தனித்தனியே நோயுற்றிருந்த கலங்கள், ஒன்றாக வாழ்ந்தபோது இரண்டுமே குணமடைந்தன. ஒன்றிடம் இல்லாத நொதியத்தை மற்றது சுரந்து வெளியே விட்டது. அண்டைக் கலம் அதை எடுத்துக்கொண்டது. உற்பத்தியில் அன்று, பழைய சங்கிலிகளைச் சிதைத்து அகற்றும் நொதியம் இல்லாமையிலேயே நோய் இருந்தது என்பது தெளிவாயிற்று. இல்லாத நொதியத்தை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்ற வழியும் பிறந்தது. அயலான் குறையை அயலான் நிறைவு செய்யும் இப்பாடம், கண்ணுக்குப் புலப்படாத கலங்களின் ஊரில் நடந்தது.

* * *

1970களின் தொடக்கத்தில், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களின் மேற்பரப்பிலேயே ஹெப்பரன் சல்பேற்று இருப்பது அறியப்பட்டது. பின்னர், ஈரற் கலம், தோற் கலம், நரம்புக் கலம், இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலம் என்று எங்கு நோக்கினும் அது காணப்பட்டது. முதுகெலும்பற்ற பல சிற்றுயிர்களிலும் இருந்தது. ஹெப்பரினையோ பெரும்பாலும் மாஸ்ற் கலங்களே செய்கின்றன. தலைமேல் வைத்துக் கொண்டாடப்பட்டது ஒரு சிறு கூட்டத்தின் சொத்து. தள்ளிவிடப்பட்டது எல்லாக் கலங்களின் பொதுவுடைமை.

இதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். நடுவில் ஒரு புரதம் தண்டாக நிற்கும். அத்தண்டிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் கிளைக்கும். இவ்விரண்டும் சேர்ந்த சேர்வையே புரோத்தியோகிளைக்கன் எனப்படும். சிண்டெக்கன் என்னும் இனம் கலமென்சவ்வை ஊடுருவி நிற்கும். கிளிப்பிக்கன் என்னும் இனம் சவ்வின்மேல் ஒட்டி நிற்கும். பேளக்கன் முதலியன கலங்களுக்கு அடித்தளமாகிய மெல்லிய விரிப்பினுள் இருக்கும். ஒவ்வொரு கலமும் இவ்வாறு சர்க்கரைப் பாசி படர்ந்த கல்லைப் போன்றது.

புரதத்துக்கு மூலப்பிரதி உண்டு. பரம்பரையலகில் எழுதியவாறே அது வரிசை பிசகாது ஆக்கப்படும். சர்க்கரைச் சங்கிலிக்கோ அத்தகைய ஏடு எதுவும் இல்லை. நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சங்கிலியை நீட்டியும், ஈண்டொன்றும் ஆண்டொன்றுமாகச் சல்பேற்றைப் பதித்தும் செல்கின்றன. ஒரே கலம் செய்யும் இரு சங்கிலிகள்கூட ஒத்திருப்பதில்லை. ஏட்டிலிருந்து படிக்கப்படாது, வாய்மொழியாக வழங்கி, பாடுந்தோறும் வேறுபடும் நாட்டார் பாடலோடு இதனை ஒப்பிடலாம். வேறுபடினும் அதன் மெட்டு மாறுவதில்லை. அம்மெட்டை இனங்கண்டே பிற புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டிக்கொள்வதால் நிகழ்வது என்ன? கலங்களை வளரச் செய்யும் செய்திப் புரதங்கள், அவற்றின் ஏற்பிகளை அடைவதற்கு ஹெப்பரன் சல்பேற்றின் துணை வேண்டும் என்று 1991 இல் காட்டப்பட்டது. பெயர் வினையோடு சேர எச்சம் பாலமாக நிற்பதுபோல், செய்தி கலத்தோடு சேர இது பாலமாக நிற்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரிலும் இச்சங்கிலிகளே உண்டு. இரத்தம் நம் குழாய்களினுள் உறையாது ஓடுவதற்கு அவையும் உதவுகின்றன. ஹெப்பரினை மருந்தாக ஏற்றும்போது, இயற்கை இங்கு அளவோடு செய்யும் காரியத்தையே நாம் பேரளவிற் செய்கிறோம்.

இச்சங்கிலியை ஆக்கும் இரு பரம்பரையலகுகளுள் ஒன்று பழுதுபட்டால், எலும்புகளின் ஓரங்களிற் கட்டிகள் முளைக்கும் பரம்பரை நோய் உண்டாகும். எலியில் அதே பரம்பரையலகை முற்றாக நீக்கினால் கரு உருப்பெறும் தொடக்க நிலையிலேயே மடிகிறது. சங்கிலியைத் துண்டிக்கும் ஹெப்பரனேசு என்னும் நொதியத்தை மிகுதியாகச் சுரக்கும் புற்றுநோய்க் கலங்கள், அடித்தள விரிப்பைக் கிழித்துக்கொண்டு உடலெங்கும் பரவுகின்றன. முதியோரின் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில், மூளையிற் படியும் புரதப் படிவுகளினூடும் ஹெப்பரன் சல்பேற்றுக் கலந்திருக்கிறது.

சிறுநீரகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980 இல் செய்த பரிசோதனைகள், வடிகட்டும் சவ்விலிருந்து ஹெப்பரன் சல்பேற்றை அகற்றினால் பெரிய மூலக்கூறுகள் அதனூடே கசிகின்றன என்று காட்டின. அச்சங்கிலிகளே புரதத்தைத் தடுத்து நிறுத்தும் வேலி என்ற கொள்கை பாட நூல்களில் ஏறியது. ஆயின் பிற்காலத்தில், அவ்வேலி நீங்கிய எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது எதிர்பார்த்த அளவு புரதம் ஒழுகவில்லை. கொள்கை திருத்தப்பட்டது. தவறியதை ஒப்புக்கொண்டு முன்செல்லும் இந்த நேர்மையை வேறு எத்துறையாளரும் பின்பற்றலாம். இலக்கிய விமரிசகரும் பின்பற்றலாம்.

எல்லாக் கலங்களின் வாயிலிலும் நிற்கும் ஒரு பொருளைக் கள்வரும் அறிந்திருப்பர். உதட்டில் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பீசு வைரசு முதலில் இச்சங்கிலியையே பற்றுகிறதென 1989 இல் கண்டனர். மலேரியாக் கிருமி நுளம்பிலிருந்து நம் உடலுட் புகுந்ததும் ஈரலை நாடிச் செல்வதற்கு ஈரலின் ஹெப்பரன் சல்பேற்று ஒரு வழிகாட்டி. டெங்கு வைரசும் ஆய்வுகூடக் கலங்களிற் புகுவதற்கு இதையே துணைக்கொள்கிறது என்று 1997 இல் எழுதப்பட்டது. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டதை நாம் மறக்க முடியாது. 2020 இல் உலகை முடக்கிய கொரோனா வைரசும் ஹெப்பரன் சல்பேற்றைப் பற்றிக்கொண்டே தன் ஏற்பியை அடைகிறது என்று அவ்வாண்டே நிறுவப்பட்டது. 1948 இல் எவரும் அக்கறை கொள்ளாத அந்த மண்டியை ஊன்றி ஆராய்ந்திருப்பின், இவற்றுட் சிலவேனும் முன்னரே தெரியவந்திருக்கலாம்.

* * *

இவ்வரலாற்றில் இன்னும் ஒரு கலப்பு உண்டு. அது அறியாமையால் நேர்ந்ததன்று.

1990களில் மாட்டுப்பித்து நோயின் அச்சத்தால் மாட்டு நுரையீரல் ஹெப்பரின் பல நாடுகளில் கைவிடப்பட்டது. உலகம் பன்றிக் குடலையே நம்பியிருக்க நேர்ந்தது. ஒரு பன்றியின் குடலிலிருந்து சில வேளைகளுக்கான மருந்தே கிடைக்கும். பன்றி மிகுந்த சீனாவின் கிராமங்களிலே, வீட்டுத் தொழிற்கூடங்களிற் குடலைச் சுரண்டிக் கழுவும் குடும்பங்கள் முதல், மேற்கு நாடுகளின் பெரும் மருந்துக் கம்பனிகள் வரை ஒரு நீண்ட சங்கிலி உருவாயிற்று. அடியில் நிற்பவனுக்குக் கூலி. இடையில் நிற்பவனுக்குத் தரகு. முடியில் நிற்பவனுக்கு இலாபம். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் சீனாவின் பன்றிகளிடையே நீலக்காது நோய் பரவியது. குடல் அரிதாயிற்று, விலை ஏறியது.

2007 இன் இறுதியிலும் 2008 இன் தொடக்கத்திலும், அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும், இரத்தச் சுத்திகரிப்புப் பெற்ற நோயாளிகள் சிலர் ஹெப்பரின் ஏற்றிய சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் வீழ்ந்து துடித்தனர். அவர்களுள் இறந்தோரும் உண்டு. வழக்கமான பரிசோதனைகள் எல்லாவற்றிலும் மருந்து தேறியிருந்தது. ராம் சசிசேகரனும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து சில வாரங்களில் உண்மையைக் கண்டனர். விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து மலிவாகக் கிடைக்கும் கொன்ட்ரோயிற்றின் சல்பேற்றின் மீது, இயற்கையில் இல்லாத அளவுக்குச் செயற்கையாகச் சல்பேற்றை ஏற்றி, ஹெப்பரினோடு கலந்திருந்தனர். பரிசோதனையின் கண்ணுக்கு ஹெப்பரினைப் போலத் தோன்றும்படி செய்த வேலை அது. பதினொரு நாடுகளில் இக்கலப்பு மருந்து அகப்பட்டது. இதனோடு தொடர்புடையவையெனக் கருதப்பட்ட 81 மரணங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

இவ்விரு கலப்புக்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1948 இல் மருந்திலிருந்து நீக்கப்பட்ட கலப்புப் பொருள், உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது; விலையில்லாமையால் அது கழிவெனப்பட்டது. 2008 இல் மருந்தோடு சேர்க்கப்பட்ட கலப்புப் பொருள், உயிரைக் கொல்வது. விலையிருந்தமையால் அது மருந்தெனப்பட்டது. எது மருந்து, எது கழிவு என்பதை இலாபக் கணக்கு தீர்மானிக்கும்போது நேரும் விபரீதம் இதுவே. அக்கலப்படத்தைச் செய்தவனைத் தனியொரு தீயவன் என்று தூற்றிவிட்டு அமைதி காண்பது எளிது. பற்றாக்குறையை விலையேற்றமாகவும், விலையேற்றத்தை வாய்ப்பாகவும், வாய்ப்பைக் கலப்படமாகவும் மாற்றும் ஏற்பாடு நம் அரிசிக் கடையிலும் மிளகாய்த்தூள் ஆலையிலும் இருக்கிறது. அங்கு வயிறு வலிக்கிறது. இங்கு இதயம் நின்றது.

நியூபெல்ட் திறந்த வழியின் முடிவும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஹூர்லர் நோய்க்குரிய நொதியம் 2003 இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. ஒரு நோயாளிக்கு ஆண்டுதோறும் அதற்காகும் செலவு இலட்சக்கணக்கான டொலர். நரம்பு வழியே ஏற்றிய நொதியம் மூளையினுட் புகுவதில்லையாதலால் சன்பிலிப்போ நோய்க் குழந்தைகளுக்கு அதனொத்த மருந்து அவ்வழியே உதவவும் முடியாது. பாத்திரத்திலே கலங்கள் ஒன்றுக்கொன்று இலவசமாகக் கொடுத்துக் குணமடைந்த அதே பொருள், பாத்திரத்துக்கு வெளியே வந்ததும் ஏழைத் தாய் எட்டாத உயரத்திற் போய்க் குந்திக்கொண்டது. கலங்களிடம் உள்ள நாகரிகம் அவற்றாலாகிய மனிதனிடம் இல்லையே என்று நாம் வருந்துகிறோம்.

ஆயினும் வருத்தத்தோடு நாம் முடிக்க வேண்டியதில்லை. ஹெப்பரின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. நம் கமக்காரர் அரசாங்க வைத்தியசாலையில் அதனை இலவசமாகப் பெறுகிறார். பொதுமக்கள் போராடியும் வாக்களித்தும் பெற்ற இலவச வைத்தியம் என்னும் உரிமை, நூறாண்டு விஞ்ஞானத்தைக் கட்டிலின் அருகே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவ்வுரிமையும் கழிவென்று சிலரால் எண்ணப்படும் காலம் இது. இலாபம் தராத செலவு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அன்று ஹெப்பரன் சல்பேற்றைப் பற்றியும் இவ்வாறே எண்ணினர்.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, அவன் கேட்ட கேள்விக்கு மீண்டும் விடை கூறினோம். தந்தையின் குப்பியைப் பற்றியும், நாற்றத்தில் நின்று நுரையீரல் அரைத்தவர்களைப் பற்றியும், வாயிலில் நிற்கும் சங்கிலியைப் பற்றியும் கூறினோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்போ, மிச்சம் என்று சொன்னது அதைப் பார்க்கத் தெரியாதவர்களா, சேர்?" என்றான்.

இலக்கணத்தில் அதற்கு மேல் நாம் கற்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.